அமெரிக்க மரண தண்டனை வழக்கொன்றைப் படிப்பது எப்படி: இனப்பாகுபாட்டையும் தவறான தீர்ப்பையும் தேட வேண்டிய இடங்கள்

அமெரிக்காவில் கருப்பினத்தவர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கைப் பற்றிப் படிக்க முற்படும் பெரும்பாலோர், கொலை நடந்த விதத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொலையின் விவரங்கள் எப்போதும் கொடூரமானவை. அவற்றைப் படித்து முடித்த மனம், தண்டனை பெற்றவரைக் குற்றவாளியாகவே வைத்துக்கொண்டு மீதிப் பக்கங்களைப் புரட்டுகிறது. இந்தக் கட்டுரை, அத்தகைய வழக்கொன்றை ஆவணங்களின் துணையோடு ஆராய விரும்பும் மாணவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும், கையெழுத்து இயக்கங்களில் பெயர் சேர்ப்பதற்கு முன்பு உண்மையைத் தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்கும் வழிகாட்டியாக எழுதப்படுகிறது. இனப்பாகுபாடு தீர்ப்பின் வாசகத்தில் அரிதாகவே தென்படும். மரண தண்டனை கேட்பதா, தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவான ஜூரியில் யாரை அமர்த்துவது, யாருடைய சாட்சியத்தை நம்புவது, எந்த ஆவணத்தை எதிர்த்தரப்புக்குக் காட்டாமல் வைத்திருப்பது என்று பலர் தனித்தனியாக எடுத்த முடிவுகளில்தான் அது தங்கியிருக்கும். ஆகவே கொலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்த முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதே சரியான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்த ஆவணங்களைச் சேர்ப்பது

ஒரு மரண தண்டனை வழக்கு ஒரே ஒரு தீர்ப்போடு முடிவதில்லை. விசாரணை நீதிமன்றத்தின் பதிவுகள், மாநில உச்ச நீதிமன்றத்தில் நடந்த நேரடி மேல்முறையீடு, அதன் பிறகு மாநில அளவில் புதிய ஆதாரங்களோடு தாக்கல் செய்யப்படும் மனு, கடைசியாகக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் நடக்கும் ஹேபியஸ் மனு (சிறைவைப்பு சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு) என்று அது பல படிகளில் செல்கிறது. செய்தித்தாள்கள் பெரும்பாலும் நேரடி மேல்முறையீட்டுத் தீர்ப்பின் முதல் சில பத்திகளை வைத்தே எழுதுகின்றன. அந்தப் பத்திகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கின் நிகழ்வுகளை விவரிக்கும்போது, ஜூரியின் முடிவுக்குச் சாதகமான கோணத்திலேயே அவற்றை எடுத்துக்கொள்வது வழக்கம். அதாவது, அரசுத் தரப்புச் சாட்சிகளை ஜூரி நம்பியது என்பதால், அவர்கள் சொன்னதை நடந்ததாகவே நீதிமன்றம் எழுதிச் செல்லும். அந்த விவரிப்பு சுதந்திரமாகச் சரிபார்க்கப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொண்டால், நிரபராதி ஒருவரின் வழக்கும் ஐயத்துக்கு இடமில்லாததாகவே தோன்றும்.

ஆகவே, கைக்குக் கிடைத்தால் முதலில் படிக்க வேண்டியது மேல்முறையீட்டுக்குப் பிந்தைய மனுவைத்தான். விசாரணையில் வெளிவராத காவல்துறைக் குறிப்புகள், சாட்சிகள் பின்னர் மாற்றிச் சொன்ன வாக்குமூலங்கள், விசாரணை வழக்கறிஞர் செய்யத் தவறியவை ஆகியவை அதில்தான் இருக்கும். அது ஒரு தரப்பு எழுதியது என்பதால், அரசுத் தரப்பின் பதில் மனுவையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். பதில் மனு எந்தக் குற்றச்சாட்டை மறுக்கிறது, எதை மறுக்காமல் காலம் கடந்துவிட்டது என்று மட்டும் சொல்லி நகர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுக்கப்படாமல் விடப்பட்டவை பெரும்பாலும் வழக்கின் மையத்தில் இருப்பவை.

கொல்லப்பட்டவர் யார், வழக்கு எந்தக் கவுண்டியில் (மாவட்டத்தில்) நடந்தது

குற்றம்சாட்டப்பட்டவரின் இனத்தை மட்டும் பார்ப்பது பலரும் செய்யும் தவறு. மரண தண்டனையில் இனத்தின் பங்கை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது, கொல்லப்பட்டவரின் இனமே அதைவிட வலுவான காரணியாக இருக்கிறது என்பதைத்தான். 1990ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 82 விழுக்காடு இந்த முடிவையே காட்டின. இவற்றுள் மிகவும் அறியப்பட்டது, ஜார்ஜியா மாநிலத்தில் 1970களில் நடந்த 2,000க்கும் மேற்பட்ட கொலை வழக்குகளை டேவிட் பால்டஸ் தலைமையில் ஆராய்ந்த ஆய்வு. கருப்பினத்தவர் வெள்ளையினத்தவரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட வழக்குகளில் 70 விழுக்காட்டில் அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டது. கொன்றவர், கொல்லப்பட்டவர் இருவரும் கருப்பினத்தவராக இருந்த வழக்குகளில் அது 15 விழுக்காடுதான். குற்றத்தின் தன்மை, முன்குற்றங்கள் போன்ற இனம் சாராத காரணிகளைக் கணக்கில் எடுத்த பிறகும், வெள்ளையினத்தவரைக் கொன்றவருக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு அதிகமாக இருந்தது.

அந்த ஆய்வை முன்வைத்து, ஜார்ஜியாவில் மரண தண்டனை பெற்ற கருப்பினத்தவரான வாரன் மெக்ளெஸ்கி தொடுத்த வழக்கில், 1987ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற வாக்குகளில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஆய்வு சரியானது என்று வைத்துக்கொண்டாலும், இவருடைய வழக்கில் முடிவெடுத்தவர்கள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினார்கள் என்பதை அது நிரூபிக்கவில்லை என்பதே பெரும்பான்மையின் வாதம். அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி லூயிஸ் பவல், ஓய்வு பெற்ற பின் 1991ஆம் ஆண்டில் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதியவரிடம், வாக்கை மாற்ற முடிந்தால் மெக்ளெஸ்கி வழக்கில் மாற்றுவேன் என்று சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் மெக்ளெஸ்கிக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

படிப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. புள்ளிவிவரங்கள் வழக்கின் பின்னணியைக் காட்டும். கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவை மட்டுமே ஒருவரைக் காப்பாற்றாது. மாநில அளவில் நிலைமை வேறாக இருக்கலாம் என்பதால், நீங்கள் படிக்கும் வழக்கு எந்த மாநிலத்தைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து சட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். வட கரோலினா 2009ஆம் ஆண்டில் புள்ளிவிவரங்களை ஆதாரமாக ஏற்கும் இனநீதிச் சட்டத்தை இயற்றி, 2013ஆம் ஆண்டில் அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் அதற்கு முன்பே மனு செய்தவர்களின் உரிமையை அந்த ரத்து பறிக்க முடியாது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. கலிஃபோர்னியா 2020ஆம் ஆண்டில் இத்தகைய சட்டத்தை இயற்றியது. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2018ஆம் ஆண்டில், இனச்சார்போடு செயல்படுகிறது என்ற காரணத்தாலேயே அம்மாநிலத்தின் மரண தண்டனை முறையைச் செல்லாததாக்கியது.

கவுண்டியைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், மரண தண்டனை கேட்பதா வேண்டாமா என்ற முடிவு பெரும்பாலும் அந்தக் கவுண்டியின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு வழக்கறிஞர் ஒருவரின் கையில் இருப்பதுதான். ஒரே மாநிலத்தில், ஒரே மாதிரியான குற்றத்துக்கு, ஒரு கவுண்டியில் ஆயுள் தண்டனையும் அடுத்த கவுண்டியில் மரண தண்டனையும் கேட்கப்படும். அந்த வழக்கறிஞர் அதே காலத்தில் நடத்திய மற்ற கொலை வழக்குகளைத் தேடி, எவற்றில் குறைந்த தண்டனைக்கு உடன்பட்டார் என்று பாருங்கள். விசாரணை வேறு கவுண்டிக்கு மாற்றப்பட்டிருந்தால், எங்கிருந்து எங்கே மாற்றப்பட்டது என்பதும் முக்கியம். அலபாமாவைச் சேர்ந்த வால்டர் மக்மில்லியனின் வழக்கு, கருப்பினத்தவர் கணிசமாக வாழும் மன்ரோ கவுண்டியிலிருந்து பெரும்பாலும் வெள்ளையினத்தவர் வாழும் பால்ட்வின் கவுண்டிக்கு மாற்றப்பட்டது. அதன் விளைவாக அமைந்த ஜூரியில் பதினொருவர் வெள்ளையினத்தவர், ஒருவர் மட்டுமே கருப்பினத்தவர்.

ஜூரி தேர்வை வரிவரியாகப் படியுங்கள்

உங்களுக்கு ஒரே ஒரு ஆவணத்தைப் படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால், ஜூரி தேர்வின் எழுத்துப்பதிவைப் படியுங்கள் என்பேன். அது நூற்றுக்கணக்கான, சில வழக்குகளில் ஆயிரக்கணக்கான பக்கங்களில் அலுப்பூட்டும் கேள்வி பதில்களாக நீளும். அதனாலேயே பலரும் அதைத் தாண்டிச் செல்கிறார்கள். ஆனால் இனத்தின் தலையீட்டை ஊகமாகச் சொல்லாமல் எடுத்துக் காட்ட முடிகிற இடம் அதுதான்.

அங்கே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழைக்கப்பட்டவர்களில், மரண தண்டனையை எந்நிலையிலும் விதிக்க மாட்டேன் என்று சொல்பவர்கள் முதலில் நீக்கப்படுகிறார்கள். கருப்பின மக்களிடையே மரண தண்டனைக்கு எதிர்ப்பு அதிகம் என்பதால், யாரும் இனத்தைக் குறிப்பிடாமலேயே இந்தக் கட்டத்தில் அவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. அடுத்ததாக, இரு தரப்பினரும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலானவர்களைக் காரணம் சொல்லாமலே நீக்கும் உரிமையைப் பயன்படுத்துகிறார்கள். இந்த உரிமையை இனத்தின் அடிப்படையில் பயன்படுத்தக் கூடாது என்று 1986ஆம் ஆண்டு பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எதிர்த்தரப்பு ஆட்சேபித்து, பாகுபாடு நடந்ததாகத் தோன்றச் செய்தால், அரசுத் தரப்பு இனம் சாராத ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காரணம் உண்மையானதா, சாக்கா என்று நீதிபதி முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில், எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும் என்ற அளவுக்கு இந்தக் காப்பு பல ஆண்டுகள் பலவீனமாகவே இருந்தது.

சாக்கைக் கண்டுபிடிக்கும் வழி ஒப்பீடுதான். ஒரு தாளில் கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு ஜூரி வேட்பாளருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: இனம், வயது, தொழில், மணநிலை, மரண தண்டனை பற்றிச் சொன்ன கருத்து, ஒவ்வொரு தரப்பும் கேட்ட கேள்விகளின் எண்ணிக்கை, யார் நீக்கினார்கள், என்ன காரணம் சொன்னார்கள். பிறகு, கருப்பினத்தவர் ஒருவரை நீக்கச் சொன்ன காரணம் எந்தெந்த வெள்ளையின வேட்பாளர்களுக்கும் பொருந்துகிறது, அவர்கள் நீக்கப்பட்டார்களா என்று பாருங்கள். உச்ச நீதிமன்றமே கையாளும் முறை இது.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு வழக்கைக் கொண்டு அருகில் நின்று பார்க்கலாம். ஜார்ஜியாவின் ரோம் நகரில் 1987ஆம் ஆண்டு விசாரிக்கப்பட்ட டிமதி ஃபாஸ்டரின் வழக்கில், எஞ்சியிருந்த நான்கு கருப்பின வேட்பாளர்களையும் அரசுத் தரப்பு நீக்கியது. வெள்ளையினத்தவர் மட்டுமே அடங்கிய ஜூரி மரண தண்டனை விதித்தது. நீக்கப்பட்டவர்களில் ஒரு பெண்ணுக்கு வயது 34. பதின்ம வயதைத் தாண்டாத ஃபாஸ்டரின் வயதுக்கு அவருடைய வயது மிக நெருக்கமாக இருக்கிறது என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஆனால் 36 வயதுக்குக் குறைந்த எட்டு வெள்ளையின வேட்பாளர்களை அதே அரசுத் தரப்பு நீக்கவில்லை; அவர்களில் ஜூரியில் அமர்ந்த ஒருவருக்கு வயது 21. அந்தப் பெண் விவாகரத்தானவர் என்பது இன்னொரு காரணம். விவாகரத்தான நான்கு வெள்ளையினத்தவரில் மூவர் ஏற்கப்பட்டிருந்தார்கள்.

இந்த ஒப்பீட்டை உறுதிப்படுத்தியது, விசாரணை முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பிறகு பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பெறப்பட்ட அரசுத் தரப்பின் கோப்பு. அதில் இருந்த ஜூரி வேட்பாளர் பட்டியலின் படிகளில் கருப்பினத்தவரின் பெயர்கள் பச்சை மையால் அடையாளமிடப்பட்டு, அந்தப் பச்சை கருப்பினத்தவரைக் குறிக்கிறது என்ற விளக்கமும் மேலே எழுதப்பட்டிருந்தது. அவர்களின் பெயர்களுக்கு அருகில் ‘பி’ என்ற எழுத்து இருந்தது. கட்டாயம் வேண்டாதவர்கள் என்ற தலைப்பில் ஒரு தனிப் பட்டியல் இருந்தது. கருப்பினத்தவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்றால் யார் பரவாயில்லை என்ற குறிப்பும் இருந்தது. 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற வாக்குகளில் ஃபாஸ்டருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கோப்பு கிடைத்திருக்காவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்: மாநில நீதிமன்றங்கள் அனைத்தும் அரசுத் தரப்பு சொன்ன காரணங்களை ஏற்றுக்கொண்டிருந்தன. அரசுக் கோப்புகளைக் கேட்டுப் பெற வழி இருக்கும் மாநிலங்களில் அந்த வழி பயன்படுத்தப்பட்டதா என்பதை நீங்கள் எப்போதும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

கேள்விகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளச் சொன்னதற்கும் ஒரு வழக்கு சான்றாக இருக்கிறது. மிசிசிப்பி மாநிலம் வினோனாவில் 1996ஆம் ஆண்டு ஒரு மரச்சாமான் கடையில் நால்வர் கொல்லப்பட்டதற்காக கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் ஆறு முறை விசாரிக்கப்பட்டார். ஆறிலும் அரசுத் தரப்பில் நின்றவர் ஒரே வழக்கறிஞர். ஆறு விசாரணைகளிலும் சேர்த்து, அவர் நீக்கக்கூடியவர்களாக இருந்த 42 கருப்பின வேட்பாளர்களில் 41 பேரை நீக்க முனைந்தார். ஆறாவது விசாரணையில், நீக்கப்பட்ட ஐந்து கருப்பின வேட்பாளர்களிடம் அரசுத் தரப்பு கேட்ட கேள்விகள் 145. ஜூரியில் அமர்ந்த பதினொரு வெள்ளையினத்தவரிடம் கேட்டவை 12. ஒருவரிடம் நிறையக் கேட்டால் ஏதாவது ஒரு காரணம் கிடைக்காமல் போகாது. கேட்காமலே விட்டால், ஒப்பிட்டுக் காட்டுவதற்கு எதுவும் பதிவாகாது. 2019ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது; 2020ஆம் ஆண்டு வழக்கே கைவிடப்பட்டது. டெக்சாஸின் டாலஸ் கவுண்டியில் நடந்த மில்லர்-எல் வழக்கில் கேள்விகளின் வாசகமே மாறியது: மரண தண்டனை நிறைவேற்றப்படும் விதத்தை அச்சமூட்டும் வகையில் விவரித்துவிட்டு அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கும் கேள்வி, கருப்பின வேட்பாளர்களில் 53 விழுக்காட்டினரிடமும் வெள்ளையினத்தவரில் 6 விழுக்காட்டினரிடமும் கேட்கப்பட்டிருந்தது.

விசாரணை வழக்கறிஞர் உரிய நேரத்தில் ஆட்சேபிக்கவில்லை என்றால் காரணங்களே பதிவாகியிருக்காது. அப்போது ஒப்பீடு முழுமையடையாது என்பதை ஒப்புக்கொண்டு, ஆட்சேபிக்காமல் விட்டதையே ஒரு செய்தியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாட்சியம் எப்போது, எப்படி உருவானது

தவறான தீர்ப்புகளில் இனம் நுழையும் இரண்டாவது பெரிய வழி சாட்சியம். பிற இனத்தவரின் முகத்தை அடையாளம் காண்பதில் மனிதர்கள் அதிகம் தவறுகிறார்கள் என்பது உளவியலில் நன்கு நிறுவப்பட்டது. முன்பு பார்த்தேயிராத ஒருவரைப் பார்த்ததாகச் சொல்லும் பிழை, சொந்த இனத்தவரைக் காட்டிலும் பிற இனத்தவர் விஷயத்தில் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம். நேரில் பார்த்த சாட்சி இருந்தால், அவர் முதன்முதலில் காவல்துறையிடம் சொன்ன அங்க அடையாளங்களைத் தேடுங்கள். பிறகு புகைப்படம் காட்டப்பட்ட நாள், எத்தனை படங்கள் காட்டப்பட்டன, அப்போது அவர் காட்டிய தயக்கம், நீதிமன்றத்தில் அவர் காட்டிய உறுதி ஆகியவற்றை வரிசையாக எழுதுங்கள். தயக்கம் உறுதியாக மாறும் இடத்தில் யார், என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது, தனக்கே வழக்கு இருக்கும் நிலையில் சாட்சி சொல்ல வருபவர்களிடமும், என்னிடம் சிறையில் ஒப்புக்கொண்டார் என்று சொல்லும் சக கைதிகளிடமும்தான். மக்மில்லியனின் வழக்கு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மன்ரோவில் நகரில் 1986ஆம் ஆண்டு வெள்ளையின இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கொலை நடந்த நேரத்தில் மக்மில்லியன் தன் வீட்டில், உறவினர்களும் தேவாலயத்தினரும் சூழ இருந்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள், அவர்கள் கருப்பினத்தவர். அவருக்கு எதிராக இருந்த முதன்மைச் சாட்சி, வேறொரு கொலை வழக்கில் சிக்கியிருந்த வெள்ளையினத்தவர் ஒருவர். விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனையைப் பரிந்துரைத்தது; நீதிபதி அதை மீறி மரண தண்டனை விதித்தார். அந்தச் சாட்சி, நிரபராதி ஒருவரைச் சிக்க வைக்கத் தன்னை வற்புறுத்துவதாக முறையிட்ட ஒலிப்பதிவு காவல்துறையிடமே இருந்தது. அது எதிர்த்தரப்புக்குக் கொடுக்கப்படவில்லை. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்று 1963ஆம் ஆண்டிலேயே பிரேடி வழக்கில் தீர்ப்பு வந்திருந்தும் இது நடந்தது. 1993ஆம் ஆண்டு மக்மில்லியன் விடுதலையானார். ஜூரியின் பரிந்துரையை நீதிபதி மீறும் அதிகாரத்தை அலபாமா 2017ஆம் ஆண்டில்தான் கைவிட்டது.

இந்த வழக்கில் நாம் எடுத்து எழுத வேண்டிய கேள்வி, ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு தொகுதிச் சாட்சிகள் இருந்தபோது, எந்தத் தொகுதி நம்பத் தகுந்ததாகக் கருதப்பட்டது என்பதுதான். நீங்கள் படிக்கும் வழக்கிலும் தற்காப்புச் சாட்சிகளை அரசுத் தரப்பு இறுதி வாதத்தில் எப்படிக் குறிப்பிட்டது என்று பாருங்கள். அண்டை வீட்டார், உறவினர் என்பதாலேயே ஒதுக்கப்பட்டார்களா, அவர்கள் சொன்ன நேரங்கள் சரிபார்க்கப்பட்டனவா என்பது பதிவில் தெரிந்துவிடும்.

வழக்கறிஞரும் நிபுணரும்

குற்றம்சாட்டப்பட்டவர் ஏழையாக இருந்தால், நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் யார், அதற்கு முன்பு எத்தனை கொலை வழக்குகளை நடத்தியவர், அவருக்கு எவ்வளவு பணம் அனுமதிக்கப்பட்டது என்பவற்றைத் தேடுங்கள். லூசியானாவில் 1984ஆம் ஆண்டு வெள்ளையினத்தவர் மட்டுமே இருந்த ஜூரி கிளென் ஃபோர்டுக்கு மரண தண்டனை விதித்தபோது, அவருடைய முதன்மை வழக்கறிஞர் எண்ணெய், எரிவாயுச் சட்டத்தில் தேர்ந்தவர்; ஜூரி முன் ஒரு வழக்கையும் நடத்தாதவர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் 2014ஆம் ஆண்டு ஃபோர்டு விடுதலையாகி, அடுத்த ஆண்டே புற்றுநோயால் இறந்தார். அவரைத் தண்டிக்க வாதாடிய அரசு வழக்கறிஞர் 2015ஆம் ஆண்டு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அலபாமாவின் ஆன்டனி ரே ஹிண்டனுக்கு எதிராக இருந்த ஒரே பௌதிக ஆதாரம், தோட்டாக்கள் அவருடைய தாயின் துப்பாக்கியிலிருந்து வந்தவை என்ற கருத்து. அதை மறுக்க நிபுணருக்கு 1,000 டாலர் மட்டுமே கிடைக்கும் என்று அவருடைய வழக்கறிஞர் தவறாக நம்பினார். சட்டத்தில் அந்த வரம்பு அப்போதே நீக்கப்பட்டிருந்தது. தனக்கே திருப்தியில்லாத ஒரு நிபுணரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதைக் குறையுள்ள தற்காப்பு என்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சிறையிலிருந்த ஹிண்டன் 2015ஆம் ஆண்டு வெளியே வந்தார்.

தண்டனையைத் தீர்மானிக்கும் இரண்டாம் கட்ட விசாரணையில் இனம் வெளிப்படையாகவே பேசப்பட்டிருக்கலாம். டெக்சாஸில் மரண தண்டனை விதிக்க, குற்றவாளி எதிர்காலத்திலும் வன்முறையில் ஈடுபடுவார் என்று ஜூரி காண வேண்டும். 1997ஆம் ஆண்டு டுவேன் பக் என்பவரின் விசாரணையில், கருப்பினத்தவராக இருப்பது அந்த வாய்ப்பை அதிகரிக்கிறது என்று சாட்சி சொன்ன உளவியலாளரை அழைத்தவர் அவருடைய சொந்த வழக்கறிஞரே. 2017ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் பக்குக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர் கொலை செய்தார் என்பதில் அங்கே சர்ச்சை இல்லை. இனப்பாகுபாடு பற்றிய கேள்வியும் குற்றமின்மை பற்றிய கேள்வியும் வேறு வேறு என்பதை இந்த வழக்கு போல் எதுவும் விளக்காது. குற்றம் செய்தவருக்கும் தன் இனத்தின் காரணமாகச் சாகாமல் இருக்கும் உரிமை உண்டு.

மனு ஏன் தள்ளுபடியானது

பல நீதிமன்றங்கள் பார்த்துவிட்டன, எல்லாம் தள்ளுபடி செய்துவிட்டன என்ற வாதத்தை அடிக்கடி கேட்பீர்கள். ஒவ்வொரு தள்ளுபடி ஆணையையும் எடுத்து, ஆதாரத்தை எடைபோட்டு மறுத்ததா, முறைப்படி முன்பே எழுப்பவில்லை என்பதால் பார்க்காமலே மறுத்ததா என்று இரண்டாகப் பிரியுங்கள். 1996ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று கூட்டாட்சி ஹேபியஸ் மனுவுக்குப் பொதுவாக ஓராண்டுக் கெடு விதிக்கிறது. மாநில நீதிமன்றத்தின் முடிவு தவறாக இருந்தால் மட்டும் போதாது, நியாயமற்றதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 1993ஆம் ஆண்டு ஹெரேரா வழக்கில் உச்ச நீதிமன்றம், தான் நிரபராதி என்ற புதிய ஆதாரம் மட்டுமே பொதுவாகக் கூட்டாட்சி நிவாரணத்துக்குக் காரணமாகாது என்று தீர்ப்பளித்தது. மெக்ளெஸ்கியின் இரண்டாவது மனுவும் இப்படித்தான் போயிற்று. மெக்ளெஸ்கி குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்ன சக கைதியின் 21 பக்க வாக்குமூலம் 1987ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. அதன் அடிப்படையிலான வாதத்தை முதல் மனுவிலேயே எழுப்பியிருக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எண்களையும் சொற்களையும் கையாளும்போது

1973ஆம் ஆண்டு முதல் மரண தண்டனை பெற்றுப் பின்னர் குற்றமற்றவர்களாக விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, மரண தண்டனைத் தகவல் மையத்தின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் 200ஐ எட்டியது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கருப்பினத்தவர். அந்த மையம் குற்றமற்றவர் என்ற தீர்ப்பு, குற்றச்சாட்டுகள் கைவிடப்படல், குற்றமின்மையின் பேரில் மன்னிப்பு ஆகியவற்றையே கணக்கில் எடுக்கிறது. மறுவிசாரணைக்கு உத்தரவு, ஆயுள் தண்டனையாகக் குறைப்பு ஆகியவை இதில் சேரா. பக்கை இந்தப் பட்டியலில் சேர்த்து எழுதினால் அது பிழை. மரண தண்டனை பெறுபவர்களில் குறைந்தது 4.1 விழுக்காட்டினர் நிரபராதிகள் என்று 2014ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு சொல்வது ஒரு மதிப்பீடு. விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையோடு அதைக் கலக்கக் கூடாது.

கொலைக் குற்றத்துக்காகத் தவறாகத் தண்டிக்கப்படும் வாய்ப்பு கருப்பினத்தவருக்கு வெள்ளையினத்தவரைவிட ஏறத்தாழ 7.5 மடங்கு என்று தவறாகத் தண்டிக்கப்பட்டு விடுவிக்கப்பட்டவர்களைத் தொகுக்கும் தேசிய விடுவிப்புப் பதிவேட்டின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. இது எல்லாக் கொலை வழக்குகளையும் பற்றியது, மரண தண்டனை வழக்குகளை மட்டும் பற்றியது அன்று. அதே பதிவேட்டின் 2017ஆம் ஆண்டு அறிக்கையில் இருந்த ஒரு செய்தி, என் கருத்தில், இதைவிடக் கூர்மையானது: கருப்பினத்தவர் செய்யும் கொலைகளில் சுமார் 15 விழுக்காட்டில்தான் கொல்லப்பட்டவர் வெள்ளையினத்தவர், ஆனால் கொலைக்காகத் தவறாகத் தண்டிக்கப்பட்டு விடுவிக்கப்பட்ட கருப்பினத்தவரில் 31 விழுக்காட்டினர் வெள்ளையினத்தவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். மக்கள்தொகையில் இத்தனை விழுக்காடு, மரண தண்டனைச் சிறையில் இத்தனை விழுக்காடு என்ற நேரடி ஒப்பீட்டைவிட இது வலுவானது. அந்த நேரடி ஒப்பீட்டுக்கு எளிதாக மறுப்புச் சொல்லிவிட முடியும்.

கொல்லப்பட்டவரின் பெயரையும் வாழ்க்கையையும் உரிய மரியாதையோடு குறிப்பிடுங்கள். தவறான ஒருவர் தண்டிக்கப்பட்டால் அந்தக் குடும்பத்துக்கும் நீதி மறுக்கப்படுகிறது. சாட்சிகள், ஜூரிகள் ஆகியோரின் பெயர்களைத் தேவையின்றி வெளியிட வேண்டாம். நீதிமன்றம் சொன்னது, மனுவில் சொல்லப்பட்டது, நீங்கள் ஒப்பிட்டுக் கண்டது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பத்தியிலும் பிரித்துக் காட்டுங்கள். வெளியிடும் நாளன்று வழக்கின் தற்போதைய நிலையை நீதிமன்றப் பதிவில் மறுபடியும் சரிபாருங்கள். தண்டனை நிறைவேற்றத்துக்கு நாள் குறிக்கப்பட்டிருந்தால் ஆணைகள் கடைசி மணி நேரம் வரை மாறும், மாநில ஆளுநரிடமோ கருணைக் குழுவிடமோ மனு நிலுவையில் இருந்தால் அதன் கெடுவையும் முகவரியையும் கட்டுரையின் முதல் பத்தியிலேயே தாருங்கள்.